ஆராய்ச்சி மணிக்கு முன்

குடியிருப்புத் தெரு ஒன்றில் வாகனங்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அங்கு வாழ்வோர் நகர நிர்வாகத்திடம் முறையிடும்போது, அதிகாரிகள் தரப்பிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, அந்தத் தெருவில் இதுவரை எத்தனை விபத்துகள் நடந்துள்ளன என்பதாகும். நிர்வாகத்தின் பார்வையில் இது நியாயமான கேள்விதான். தெருக்கள் பல, பணமோ குறைவு, ஆகவே தேவை மிகுந்த இடத்தில் முதலில் செலவிட வேண்டும் என்பதில் பிழை காண முடியாது. ஆயினும் அக்கேள்விக்குள் ஓர் அறநிலைப்பாடு அடங்கியிருக்கிறது. யாரேனும் அடிபட்ட பிறகுதான் பாதுகாப்புக் கோரும் தகுதி ஒரு தெருவுக்கு வருகிறது என்று அது சொல்லாமல் சொல்கிறது. இந்நிலைப்பாடு சரியா என்பதைப் பொறியியல் தீர்க்க முடியாது. ஒரு செயலின் குற்றம் அதன் விளைவில் இருக்கிறதா, அதைச் செய்யும் முறையில் இருக்கிறதா என்று சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் வினாவே இங்கே தெருவுக்கு வந்திருக்கிறது.

வேகத்தணிப்பு என்பது, அறிவிப்புப் பலகையையோ காவலரையோ மட்டும் நம்பியிராமல், தெருவின் அமைப்பையே மாற்றி வாகனத்தை மெதுவாகச் செல்லவைக்கும் ஏற்பாடுகளின் பொதுப்பெயர். வேகத்தடை, தெருவைச் சில இடங்களில் குறுக்குதல், நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தப்பட்ட கடவை, நேரே செல்லும் வாகனத்தைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிடும் குறுக்குத் தடுப்பு ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் மிக எளியதான வேகத்தடைக்கும் திட்டமான கணக்கு உண்டு. 1973-இல் பிரிட்டனின் போக்குவரத்து மற்றும் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாட்ஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய வளைந்த மேடு, வாகனம் செல்லும் திசையில் ஏறத்தாழ 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைகளும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு இதே அளவையே பரிந்துரைக்கின்றன. அந்த வேகத்தில் வருபவருக்கு அது மெல்லிய ஏற்ற இறக்கமாக மட்டுமே தெரியும். அதை மீறி வருபவரைத்தான் தூக்கிப்போடும். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓர் உயிர் போய், உறவினர் மறியலில் உட்கார்ந்து, அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்து, அதன்பின் ஒரே இரவில் போடப்படும் குறுகலான, செங்குத்தான மேடு இக்கணக்கு எதற்கும் உட்படாதது. துயரமும் அவசரமும் சேர்ந்து இட்ட அந்த மேடு, மெதுவாக வரும் முதியவரின் மிதிவண்டியையும் வேகமாக வரும் காரையும் ஒன்றுபோலவே தண்டிக்கிறது.

தெருவின் மீதான உரிமை குறித்த பூசல் மிக வெளிப்படையாக நடந்த இடங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். 1975-இல் அந்நகர நிர்வாகம் குடியிருப்புப் பகுதிகளின் சந்திப்புகளில் தடுப்புகளை நிறுவி, அப்பகுதியில் எந்த அலுவலும் இல்லாமல் நெரிசலைத் தவிர்ப்பதற்காக மட்டும் உள்ளே நுழையும் வாகனங்களை முதன்மைச் சாலைகளுக்குத் திருப்பிவிட்டது. எதிர்ப்பு உடனே எழுந்தது. வரிப்பணத்தில் போட்ட பொதுத் தெருவைச் சில வீட்டுக்காரர்களின் அமைதிக்காக எப்படி அடைக்கலாம், ஒரு தெருவில் தடுத்த வண்டி அடுத்த தெருவில்தானே போய்ச் சேரும், தீயணைப்பு வண்டி தாமதமானால் யார் பொறுப்பு என்பன இத்தகைய பூசல்கள் எல்லாவற்றிலும் தவறாமல் எழும் வாதங்களாகும். 1976-இல் தடுப்புகளை அகற்றக் கோரி இருமுறை வாக்கெடுப்பு நடந்து, இருமுறையும் அக்கோரிக்கை தோற்றது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982-இல் தீர்ப்பு நகரத்துக்கு எதிராக அமைந்தது. தெருக்கள் மாநில மக்கள் அனைவருக்கும் உரியன, மாநிலச் சட்டம் அளிக்காத அதிகாரத்தைக் கொண்டு அவற்றில் ஒரு நகரம் இத்தகைய தடுப்புகளை வைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பின்னர்ச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியதால் தடுப்புகள் நிலைத்தன. அவற்றுள் சிலவற்றின் நடுவில் தாழ்ந்த உலோகத் தண்டு ஒன்று நிற்கும். அடிப்பாகம் உயர்ந்த தீயணைப்பு வண்டி அதன்மேல் தடையின்றிக் கடந்துவிடும், கடக்க முயலும் கார் அடிவயிற்றில் இடிவாங்கும்.

நீதிமன்றம் தன்முன் வந்த அதிகார வினாவுக்கு விடை சொன்னது. தெரு அனைவருக்கும் உரியது என்ற கொள்கையின் பொருள் என்ன என்பது அதனால் தீர்ந்துவிடவில்லை. கடந்து செல்பவர் அனைவருள் ஒருவர் என்றால், வாசலில் நிற்பவரும் எதிர்வீட்டுக்குப் போக நினைக்கும் ஆறு வயதுக் குழந்தையும் அந்த அனைவருள் அடங்கியவர்களே. ஒருவரது பயன்பாடு இன்னொருவரது பயன்பாட்டை அறவே இல்லாமல் ஆக்குமானால், பொதுவுடைமை என்ற பெயரால் நடப்பது வலியவரின் தனியுடைமையே ஆகும். வேகம் அப்படிப்பட்ட பயன்பாடு. மெதுவாகச் செல்லும் கார் தெருவைக் குழந்தையோடு பகிர்ந்துகொள்கிறது. விரைந்து செல்லும் கார், தான் அங்கு இல்லாத நேரத்திலும்கூட, வரக்கூடும் என்ற அச்சத்தினாலேயே தெருவை முழுமையாகத் தனதாக்கிக்கொள்கிறது.

வேக வரம்பை விதிக்கும் முறையிலும் இதே சாய்வு உண்டு. அமெரிக்கப் பொறியியலில் நீண்டகாலம் கோலோச்சிய நெறி, தடையின்றிச் செல்லும் வாகனங்களின் வேகங்களை அளந்து, நூற்றுக்கு 85 பேர் எந்த வேகத்திலோ அதற்குக் கீழோ செல்கிறார்களோ அந்த வேகத்தையொட்டி வரம்பை அமைப்பதாகும். பெரும்பாலான ஓட்டுநர்கள் நிதானமுள்ளவர்கள், ஆகவே அவர்களது நடத்தையே சாலைக்கு ஏற்ற வேகத்தைக் காட்டும் என்பது இதன் அடிப்படை. இருப்பதைப் பற்றிய கூற்றுகளிலிருந்து இருக்க வேண்டியதைப் பற்றிய முடிவுக்கு எப்படித் தாவ முடியும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இந்த அளவீட்டில் ஓட்டுபவர் மட்டுமே வாக்களிக்கிறார். நடப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. மேலும், அகலமாகவும் நேராகவும் போடப்பட்ட தெரு விரைவை அழைக்கும், அவ்விரைவை அளந்து வரம்பாக எழுதும் பொறியாளர் தமது பழைய வரைபடத்தையே மக்களின் தீர்ப்பு என்று கொண்டுவந்து நிறுத்துகிறார்.

விபத்து எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்வதில் உள்ள கோளாறு இதைவிட ஆழமானது. அமெரிக்காவின் சீரான போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு சந்திப்பில் சிக்னல் அமைக்கலாம் என்று கருதுவதற்கான தகுதிகளுள் ஒன்றாக, சிக்னல் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகள் 12 மாதங்களில் 5 அல்லது அதற்கு மேல் பதிவாகியிருப்பதைக் கூறுகிறது. பதிவாகாதவற்றின் நிலை என்ன? மேயர் ஹில்மன் என்னும் ஆய்வாளர் முதலானோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றுவந்தனர். 1990-இல் அவ்வாறு சென்றவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. அதே காலத்தில் சாலையில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. சாலை பாதுகாப்பானதால் இது குறைந்தது என்று புள்ளிவிவரம் வாசிக்கப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளைச் சாலையிலிருந்து விலக்கிக்கொண்டதே பெரும் காரணம் என்பது ஹில்மனின் வாதம். ஆபத்து மிகுந்த தெருவில் ஆள் நடமாட்டம் ஒழிந்துவிடும், ஆள் ஒழிந்த இடத்தில் அடிபடவும் ஆள் இராது, அடிபட ஆள் இல்லாத தெரு பதிவேட்டில் நல்ல தெருவாகிவிடும்.

டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற நகர வடிவமைப்பு அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே பகுதியைச் சேர்ந்த மூன்று தெருக்களை ஆராய்ந்து வரைந்த படம் இந்த ஒழிவைக் கண்முன் நிறுத்துகிறது. நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் செல்லும் தெருவின் படத்தில், நண்பர்கள் வாழும் வீடுகளை இணைக்கும் கோடுகள் எதிரெதிர் வரிசைகளுக்கிடையே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. சுமார் 16,000 வாகனங்கள் செல்லும் மூன்றாவது தெருவில் அக்கோடுகள் அருகி, தெருவைத் தாண்டுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவையாகின்றன. முதல் தெருவில் வாழ்ந்தோருக்குத் தெருவுக்குள் இருந்த நண்பர்கள், மூன்றாவது தெருவினரைவிட மூன்று மடங்கு. இந்த ஆய்வை விரித்து அவர் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஏதென்ஸில் விரைந்து வந்த கார் மோதி அவரே இறந்தார். அந்த மரணம் கணக்கில் ஏறியிருக்கும். மூன்றாவது தெருவின் படத்தில் வரையப்படாமலே போன கோடுகளுக்கு எந்த நாட்டின் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

நிகழ்ந்த பின்னர் நீதி வழங்குவதன் உச்சத்தைத் தமிழ் மரபு மனுநீதிச் சோழனிடம் கண்டது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலில் பசுங்கன்று சிக்கி இறக்க, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். உயிருக்கு உயிர் ஈடு என்பதில் மன்னன் மகனுக்கும் விலக்கில்லை என்ற அளவில் இதற்கு நிகரான கதை குறைவு. ஆனால் அந்த மணி, அதன் இயல்பினாலேயே, கன்று இறந்த பிறகுதான் ஒலிக்கும்.

வேறொரு விடையைச் சமணம் தருகிறது. துறவி பின்பற்ற வேண்டிய ஐந்து விழிப்புகளைச் சமிதி என்று அம்மரபு வகுத்து, அவற்றுள் முதலாவதாக ஈர்யா சமிதியை, அதாவது நடையில் விழிப்பை வைக்கிறது: நுகத்தடி அளவான சுமார் நான்கு முழத் தொலைவை முன்னே பார்த்துக்கொண்டு, எவ்வுயிரும் காலடியில் படாதவாறு நடக்க வேண்டும். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர், பிராகிருத மொழியில் இயற்றிய பிரவசனசாரத்தில், இதன் தத்துவ முடிவைத் தயக்கமின்றி எடுத்துரைக்கிறார். எதிரில் உள்ள உயிர் இறந்தாலும் இறக்காவிட்டாலும் விழிப்பின்றி ஒழுகுபவனுக்குக் கொலைப்பழி உறுதி. விழிப்போடு ஒழுகுபவனை, தற்செயலாக உயிர் மாய்ந்தாலும், அந்தப் பழி பற்றாது என்பது அவரது கருத்து. விபத்து எத்தனை என்ற கேள்விக்கு இந்த அறவியலில் இடமே இல்லை, ஏனெனில் பிழை நேர்ந்துவிடுவது மோதலுக்கு முன்பே, கண்ணுக்கு எட்டும் தொலைவை மீறிக் கால் விரையும் கணத்திலேயே ஆகும்.

நான்கு முழம் என்பது நடப்பவனுக்குரிய அளவு. காருக்கு அதன் இணை, நிறுத்தத் தேவைப்படும் தொலைவு தடையின்றிக் கண்ணுக்குத் தெரியும் தொலைவைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர், குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் கார் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்திருக்கும். 30 கிலோமீட்டரில் அது 8 மீட்டருக்குச் சற்று அதிகம். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், முதல் வேகத்தில் அது இரண்டாவதைப் போல இரண்டே முக்கால் மடங்காகிறது. இருபுறமும் கார்கள் நிறுத்தப்பட்ட ஒடுங்கிய தெருவில், இரண்டு கார்களின் இடைவெளியிலிருந்து பந்தின் பின்னால் ஓடிவரும் பிள்ளை எட்டு மீட்டருக்குள்தான் முதன்முதலாகக் கண்ணில் படும் என்றால், அங்கே 50-இல் செல்பவர் அன்றாடம் எவரையும் இடிக்காமல் வீடு திரும்பினாலும் குந்தகுந்தரின் அளவுகோலில் அன்றாடமும் தவறியவரே.

குந்தகுந்தர் பேசியது தனிமனிதனின் விழிப்பை. ஒரு நகராட்சிக்கு விழிப்பின்மை என்ற குற்றம் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். விழிப்பிழத்தலின் தீங்கைக் கூறும் பொச்சாவாமை அதிகாரத்தைத் திருக்குறள் அரசியலில், ஆள்பவனின் கடமைகளுக்கிடையே வைத்திருப்பது இங்கே கருதத்தக்கது. தெருவை அகலமாக்கியது ஒருமுறை நடந்து முடிந்த செயலாகத் தோன்றினாலும், அந்த அகலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஓட்டுநரையும் விரைவுக்குத் தூண்டிக்கொண்டேயிருக்கிறது. ஆகவே வடிவமைத்தவரின் செயலும் ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில் ஏற்ற சுழிய இலக்குக் கொள்கை, அதாவது சாலைப் போக்குவரத்தில் எவரும் இறக்கவோ கடுமையாகக் காயமுறவோ கூடாது என்ற கொள்கை, இப்பொறுப்பை வெளிப்படையாக இடம்மாற்றியது: பயன்படுத்துவோர் விதிகளை மீறி அதனால் உயிரிழப்பு நேருமானால், மேலும் என்ன செய்வது என்ற கடமை அமைப்பை வடிவமைத்தவர்களிடமே திரும்பி வந்து சேரும்.

தண்டுக்கும் மேட்டுக்கும் அஞ்சி மெதுவாகச் செல்பவரிடம் அறம் எங்கே இருக்கிறது என்பது இத்தகைய வடிவமைப்புக்கு எதிராக எழும் வலுவான தத்துவத் தடை. நெதர்லாந்தின் பொறியாளர் ஹான்ஸ் மொண்டர்மன் இத்தடையை உணர்ந்தவர் எனலாம். டிராக்டன் நகரின் பெருஞ்சந்திப்பில் சிக்னல்களை அகற்றி, எவருக்கும் முன்னுரிமை தெளிவாக இல்லாத நிலையை உண்டாக்கி, ஒருவரையொருவர் பார்த்தே கடக்க வேண்டிய கட்டாயத்தை அவர் ஏற்படுத்தினார். காண வந்தவர்கள் முன்னிலையில் வாகனங்களுக்கிடையே பின்னோக்கி நடந்தும் காட்டுவார். விழிப்பைத் தண்டனையால் அன்றிச் சூழலால் வரவழைக்கும் இந்த வழி பாராட்டத்தக்கது. ஆயினும் கண்ணோடு கண் பார்த்து இசைவு பெறும் சந்திப்பில் பார்வையற்றவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அது போதிய விடை தரவில்லை. அறம் ஓட்டுநரின் உள்ளத்தில் மலரும்வரை காத்திருக்கும் பொறுமை ஓட்டுநருக்குச் செலவில்லாதது. அதற்கான விலையைக் கடப்பவரே கொடுக்கிறார். ஆதலால் மேடு தேவைப்படும் இடத்தில் மேடு இடுவதே சரி.

பெர்க்லியின் எதிர்ப்பாளர்கள் எழுப்பியவற்றுள் எளிதில் தள்ள முடியாதது, வண்டி அடுத்த தெருவுக்குப் போகும் என்ற வாதம். தடுக்கப்பட்ட போக்குவரத்தில் ஒரு பகுதி பயணமே கைவிடப்பட்டுக் குறைந்துபோவது உண்டு. எஞ்சியது முதன்மைச் சாலைக்குத்தான் செல்கிறது. அங்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆப்பிள்யார்டின் மூன்றாவது தெருவில் இருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்தோர், அவர்களில் தனித்து வாழும் முதியோர் பலர். கூட்டத்துக்கு வந்து பேசவும் மனுவில் கையெழுத்துத் திரட்டவும் சொந்த வீட்டுக்காரருக்கு உள்ள நேரமும் நிலைப்பும் இவர்களுக்கு இருப்பதில்லை. எவ்வுயிர் என்று பாராமல் விழிப்போடு இருப்பது கடன் என்றால், அக்கடன் குடியிருப்புப் பகுதியின் எல்லைக்கல்லோடு முடிந்துவிட முடியாது. எனவே குடியிருப்புத் தெருவில் தடுப்பு வைக்கும் தீர்மானமும், முதன்மைச் சாலையில் வேகத்தைக் குறைத்து உயர்த்தப்பட்ட கடவைகள் அமைக்கும் தீர்மானமும் ஒரே கூட்டத்தில், ஒரே நிதி ஒதுக்கீட்டில் நிறைவேற வேண்டும். பின்னதைப் பற்றிப் பேச மறுத்து முன்னதை மட்டும் கேட்கும் குடியிருப்போர் சங்கத்தின் மனுவைத் திருப்பியனுப்ப அதிகாரிக்கு உரிமை உண்டு.