காரணம் தெரியவில்லை

பிரின்ட் கொடுப்பீர்கள். கம்ப்யூட்டர் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். பிரின்டரோ கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னும் நாலு தடவை அழுத்துவீர்கள். மறுநாள் காலையில் ஒரே கடிதம் ஐந்து பிரதியாக வந்து விழும். ஆபீஸில் உங்களுக்கும் நடந்திருக்குமே?

லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் அச்சு வேலையைக் கவனிப்பது 1999-ல் வெளிவந்த 'கப்ஸ்' என்கிற மென்பொருள். மவுஸைத் தொடாமல், கட்டளை அடித்தே பிரின்டரை நிறுத்தலாம். அதற்கு இரண்டு வழி உண்டு. 'கப்ஸ்டிஸேபிள்' என்று அடித்தால் அச்சடிப்பது நிற்கும். ஆனால், வருகிற வேலைகளை மட்டும் வாங்கி வாங்கி க்யூவில் அடுக்கிக்கொண்டே இருக்கும். 'கப்ஸ்ரிஜெக்ட்' நேரெதிர். புதிதாக எதையும் வாங்காது. ஏற்கெனவே வாங்கியதை ஒழுங்காக அடித்து முடித்துவிடும்.

இதில் நீங்க எந்த ரகம்?

நான் முதல் ரகம். எங்கள் கீழ்வீட்டு அம்மா, கணவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷனுக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். "பார்க்கலாம்மா" என்றேன். அதற்கப்புறம் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்; கேட்க மாட்டார். நாலு மாசம் கழித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க பார்க்கறேன்னு சொன்னீங்களேன்னுதான் வேற யார்கிட்டயும் கேக்கலை தம்பி."

'எனக்கு நேரமில்லைம்மா' என்று அன்றே சொல்லியிருந்தால் முகம் வாடியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால், அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தாவிடம் போயிருப்பார். என் 'பார்க்கலாம்' அவரை எங்கேயும் போகவிடாமல் க்யூவில் நிறுத்திவிட்டது. முகத்துக்கு நேரே 'முடியாது' சொல்வது மரியாதையில்லை என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். காக்க வைப்பது மட்டும் மரியாதையா? மறுப்பு ஒருநாள் வலி. செய்யாத சம்மதம், அடுத்தவருடைய நாட்களை அவருக்கே தெரியாமல் எடுத்துக்கொள்கிறது.

அதற்காக எல்லோரிடமும் பட்டென்று கதவைச் சாத்தச் சொல்லவில்லை. 'ரிஜெக்ட்' செய்த பிரின்டரைப் பாருங்கள். இனி வாங்க மாட்டேன் என்கிறது. வாங்கியதை மட்டும் கைவிடுவதில்லை. மறுக்கும் உரிமை அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பொருந்துகிறது.

இன்னொரு விஷயம். இரண்டு கட்டளைகளிலுமே எதற்காக நிறுத்துகிறோம் என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. 'பேப்பர் இல்லை', 'ரிப்பேர்' என்று போடலாம். நாம் எதுவும் எழுதாவிட்டால், 'காரணம் தெரியவில்லை' என்ற பொருளில் அதுவே ஒரு வரியைப் போட்டுக்கொள்ளும்.

அன்று ராத்திரி அந்த மனுவை எழுதினேன். முழுசாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் அந்த நாலு மாசத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று யோசித்தேன். நேர்மையாக எழுத ஒன்றும் இல்லை.

உங்க 'பார்க்கலாம்'களை நம்பி இப்போது யார் யார் நிற்கிறார்கள்? ஒரே ஒருத்தருக்காவது இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். செய்கிறேன் என்றோ, முடியாது என்றோ... ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்!