உருக்கமான எழுத்து

எட்டாந் திருமுறையாகிய திருவாசகத்தைத் தந்தருளிய மணிவாசகப் பெருமான், பாண்டிய மன்னனிடம் முதலமைச்சராக இருந்தவர் என்பது வரலாறு. எத்தனையோ அரச ஓலைகள் அவர் கையால் போயிருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்றில்லை. திருப்பெருந்துறையிலே குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பட்டபின் அழுதழுது பாடியவையே நிலைத்தன. கந்தோர் எழுத்துக்கு ஆயுள் அவ்வளவுதான் போலும்!

அந்த உருக்கம் அலங்காரத்தால் வந்ததன்று. திருச்சதகத்திலே பெருமான், மெய்யடியார் நடுவே தாமும் ஓர் அடியார்போல நடித்ததாகத் தம்மீதே குற்றஞ் சாட்டுகின்றார். பக்தியைப் பாட வந்த இடத்தில் தமது பொய்யை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நீத்தல் விண்ணப்பத்திலே, கைவிட்டுவிடாதே என்ற ஒரே வேண்டுதல் 50 பாடல்களிலும் வருகின்றது. ஓதுபவருக்குச் சலிப்பதில்லை. ஏனெனில் அந்தப் பயம் உண்மையானது. அதனாலன்றோ கிறிஸ்தவப் பாதிரியாராகிய ஜி. யு. போப், தமது 80ஆவது வயதில், 1900ஆம் ஆண்டிலே அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அடியார்களே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருவர் சிவபதம் எய்தினால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவது வழக்கம். முற்பக்கங்களிலே சிவபுராணத்தின் 95 அடிகளும் இருக்கும். அப்பால் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். பல மலர்களில் இவை வேறொரு வீட்டு மலரில் வந்த அதே வரிகள்தாம். பெயர் மட்டும் மாறியிருக்கும். பழைய மலரொன்றைக் காட்டி, "இதைப்போலப் போடுங்கோ" என்று அச்சகத்தில் சொல்லிவிடுகின்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருந்து இரண்டு கிழமை லீவில் வந்து நிற்பார்கள். அந்தியேட்டிக்கு ஐயரைப் பிடிக்க வேண்டும், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும். இருந்து எழுத யாருக்கு நேரம்?

ஆயினும் அந்த மலர் ஒரு மனிதரைப் பற்றியது. கொடைவள்ளல், குணக்குன்று என்ற சொற்கள் எவருக்கும் பொருந்தும். அவர் பென்சன் எடுத்த அன்றே பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வந்தார், எதற்குக் கோபித்தார், கடைசிக் கிழமையில் யாரைத் தேடினார் என்பவை அவருக்கு மட்டுமே உரியவை. திதி வெண்பாவைப் புலவரே பாடட்டும். அதற்கு இலக்கணம் வேண்டும். புலம்பலுக்கு இலக்கணம் வேண்டியதில்லை. பேரப்பிள்ளையொன்று, "அப்பப்பா கடற்கரைக்குப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போவார்" என்று ஒரு வரி எழுதித் தந்தால், எழுத்துப் பிழையை மாத்திரம் திருத்தி, அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்.