தீட்டு வேறு, கொல்லாமை வேறு

ஆம்பூர் டேனரிகளில் மாட்டுத்தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிரும் ஒட்டிய சதையும் நீங்கி வரும்போது வெளிறி, உப்பி, வழவழவென்று இருக்கும். நீரைக் கழித்தால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மனித எலும்பின் புரதத்திலும் பெரும்பங்கு அதே வகைக் கொலாஜன்தான். அந்த இழைகளின்மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியத் தாது படிந்துதான் எலும்பு கெட்டிப்படுகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்குப் பொருத்தும் டைட்டானியத் தண்டின்மேல் இதே தாதுவை ஏறக்குறைய ஒரு தலைமயிர்ப் பருமனில் பூசும் முறை உண்டு. லண்டனில் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் 1985-ல் அதைத் தொடங்கினார். சிமென்ட் இல்லாமலே எலும்பு அந்தப் பூச்சின்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. இந்தத் தாதுவை ரசாயனங்களிலிருந்தும் செய்யலாம், மாட்டெலும்பைச் சுட்டும் எடுக்கலாம். கொலாஜன் சேர்த்த பூச்சுகளும் ஆய்வில் இருக்கின்றன. மாட்டிலிருந்து வந்த ஒன்றை உடம்புக்குள் ஏற்பது தீட்டா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

தீட்டு பொருளில் இல்லை என்பதற்கு நம் சமயமே சாட்சி. பெரியபுராணத்தின் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. அதுவும் தோலும் கோயிலுக்குள் போயின. கொடுத்தவர் வெளியே நின்றார். பொருளுக்குத் தீட்டு இருந்திருந்தால் அது சந்நிதியை எட்டியிருக்காது. ஆக, தீட்டு ஒட்டப்பட்டது மனிதர்மேல், அதுவும் வேலையைச் செய்தவர்மேல் மட்டும். ஆம்பூரில் இந்தத் தொழிலை வளர்த்த முஸ்லிம்களின் மார்க்கச் சட்டம் நேர்மாறாக யோசித்தது. பன்றித்தோல் நீங்கலாக, பதனிட்ட தோல் தூய்மையானது என்பது அச்சட்ட அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. அங்கே உழைப்பே தூய்மை தருகிறது.

சுட்டாலும் மாடு மாடுதானே என்று கேட்கலாம். கடும் வெப்பத்தில் சுட்ட எலும்பில் புரதம் முழுவதும் எரிந்துபோய்த் தாது மட்டுமே நிற்கிறது. அதைத் தீட்டு என்றால் சோற்று உப்பையும் தீட்டு என்று சொல்லலாம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘தீட்டு என் கவலை இல்லை, ஓர் உயிர் கொல்லப்பட்டதே என் கவலை’ என்பார் சமணரும் சைவ உணவினரும். எந்த ரசாயன மாற்றமும் இதற்குப் பதிலாகாது. தோலும் எலும்பும் இறைச்சிக்காக அறுத்ததன் மிச்சம்தானே என்பதும் அரைப்பதில்தான். அந்த மிச்சத்துக்கும் விலை உண்டு, அந்த விலையும் அறுப்பவர் வருமானத்தில் சேர்கிறது. வாங்குபவர் இருப்பதால்தான் கொலை நடக்கிறது என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் வைக்கும் வாதம் இங்கேயும் நிற்கிறது. உயிர்காக்கும் அவசியத்தில் அந்த வாதம் தளரலாம் என்று நான் கருதுகிறேன். ஆனால் ரசாயனத்தில் செய்த தாது கைக்கெட்டும்போது அவசியத்தைக் காட்டி ஒருவர் மனசாட்சியைத் தாண்டிப்போக நமக்கு உரிமை இல்லை.

எனவே அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில், உடம்புக்குள் வைக்கும் பூச்சு எதிலிருந்து வந்தது என்று தமிழில் ஒரு வரி இருக்க வேண்டும். கொல்லாமையால் மறுப்பவருக்கு மாற்றுப் பூச்சு கொடுக்கட்டும். தீட்டு என்று மறுப்பவரிடம் ஒரே வேண்டுகோள்: நந்தனாரை வெளியே நிறுத்திய வழக்கத்தை உங்கள் மூட்டுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள்.