முதலில் வந்தவன்

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது தன் கோடைப் பிரயாணம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே அடங்கிய பெரிய வண்டி. நம் சினிமாக்காரர்கள் கேரவன் என்கிறார்களே, அந்த ரகம். அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த நாட்டின் மேற்குத் தீவுகளைச் சுற்றியிருக்கிறார். வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் எதிலும் முன்பதிவு செய்யவில்லை. துறையில் போய் வரிசையில் நிற்பது. பதிவு செய்தவர்கள் ஏறியபின் இடம் மிஞ்சினால் ஏறுவது. மிஞ்சாவிட்டால் வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவது. "நாளைக்கு எந்தத் தீவில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. சுதந்திரம் என்றால் அதுதான்" என்றார்.

அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ஒரு தடவை ஒரு தீவுக்காரர், சின்னக் காரில், பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர் நின்றிருக்கிறார். மிஞ்சிய இடம் நண்பரின் வண்டியோடு முடிந்துவிட்டது. "ஆனால் நான்தானே முதலில் வந்தேன்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

1962 அல்லது 63. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு மாற்றலாகியிருந்தது. கோடையில் மணலில் நடந்தே கடந்துவிடுகிற ஆறு அது. ஐப்பசியில் இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடம்தான் வழி. மாட்டு வண்டி கரையோடு திரும்பிவிட்டது. மரப்பெட்டி, கட்டில், பித்தளை அண்டா, மூட்டைகள், அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல் எல்லாம் ஓடத்தில் ஏறின. எங்கள் வீடே அதில் ஏறியிருந்தது என்று சொல்லலாம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அதுதான் கடைசி நடை. கரையில் இன்னும் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த குழந்தையை முந்தானைக்குள் போர்த்தி வைத்திருந்தாள். கும்பகோணத்துக்கு வைத்தியத்துக்குப் போகவேண்டும் என்றாள்.

ஓடக்காரர் ஓடத்தின் விளிம்பையும் தண்ணீரையும் பார்த்தார். "வாத்தியாரய்யா, சாமான் கனம். இனிமே ஆள் ஏத்த முடியாதுங்க."

"நாங்கதானேப்பா மொதல்ல வந்தோம்" என்றார் அப்பா. சாமான்களுக்குத் தனிக் கூலி பேசியாகியிருந்தது.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஆட்டுக்கல்லை எறக்கி வச்சுட்டு அந்தப் பொண்ணை ஏத்திக்கலாமே. கல்லு நாளைக்கு வரட்டும்."

அப்பா பதில் சொல்லவில்லை. ஓடக்காரர் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கழியை ஊன்றினார். அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். குழந்தை என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

அப்பா அநியாயக்காரர் அல்லர். யார் இடத்தையும் பிடுங்கவில்லை. உண்மையிலேயே நாங்கள் முதலில் வந்தவர்கள். கூலி கொடுத்தவர்கள். அவர் பக்கம் குற்றம் எதுவும் இல்லை என்பதுதான் இதில் என்னை இன்றுவரை தொந்தரவு செய்கிற விஷயம்.

முதலில் வருவது என்ன தகுதி? தஞ்சாவூர்க்காரனுக்கு இதற்குப் பதில் வாய்க்காலிலேயே இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும் தாமதமாகத் திறந்தாலும் தண்ணீர் தலைமடையைத் தொட்டுவிட்டுத்தான் கடைமடைக்குப் போகும். தலைமடைக்காரன் தன் வாசலோடு போகிற தண்ணீரை மடை திறந்து எடுத்துக்கொள்கிறான். அவனிடம் கேட்டால் அவனும் 'என்னிடம்தானே முதலில் வந்தது' என்பான். அவனுடைய முதன்மை நிலத்தின் அமைப்பு அவனுக்குக் கொடுத்தது. அதில் அவன் சம்பாதித்தது ஒன்றுமில்லை. இது தெரிந்துதான் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாடு உண்டாயிற்று. முறை என்பதும் ஒருவகை முன்பதிவுதான். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் கடைமடைக்காரனுக்காகத் தண்ணீரில் ஓர் இடம் பிடித்து வைப்பது.

ஆனால் முன்பதிவு செய்யாமல் வருகிறவனை நம் மரபு கொண்டாடியிருக்கிறதே என்று கேட்கலாம். அதிதி என்றால் திதி இல்லாதவன், நாள் சொல்லாமல் வருகிறவன் என்று பொருள் சொல்வார்கள். விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் எண்வகை வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்வதும் இந்தப் பொருளில்தான். சொல்லாமல் வருவதும் புதிதாய் வருவதும் வந்தவனுக்குக் குறையல்ல, பெருமை.

உண்மைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு ஈடு கட்டியது யார்? ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி காலத்தில் எழுந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்கள் பல ராமேசுவரத்துக்குப் போகிற பாதையில் இருந்தவை. ஒரு தீவை நோக்கி ஆயிரக்கணக்கான பேர் டெல்டாவின் வழியாக நடந்துபோயிருக்கிறார்கள். யாரும் இன்ன தேதியில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. வந்த இடத்தில் சோறு இருந்தது, படுக்க இடம் இருந்தது. எப்படி இருந்தது? சத்திரத்துக்கென்று நிலம் விடப்பட்டிருந்தது. அந்த நிலத்தில் யாரோ சேற்றில் இறங்கி நட்டார்கள், அறுத்தார்கள். முகம் தெரியாத யாத்ரிகனுக்காக அவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். பதிவு செய்யாமல் வருவது என்று ஒன்று கிடையாது என்றே எனக்குப் படுகிறது. வருகிறவன் செய்யாத ஏற்பாட்டை, வந்து சேர்கிற கரை செய்கிறது. யாத்ரிகன் கொண்டுவந்தது ஒரு மூட்டை. ஆகவே சத்திரத்தால் அவனைத் தாங்க முடிந்தது. வீட்டையே சுமந்துகொண்டு வருகிறவனுக்குக் கரையிடம் கேட்பதற்கு அவ்வளவு பாத்தியதை உண்டா? யாரையும் அண்டாமல் இருப்பதற்கான எல்லாவற்றையும் அவன் வண்டியில் வைத்திருக்கிறான். அவனுக்குத் தேவைப்படுவது இடம் ஒன்றுதான். அதுவும் நாலு பேர் இடம்.

கரை தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. இலங்கைத் தமிழில் வண்டியையும் ஆளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்குப் பாதை என்றே பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் அப்படியொரு பாதை ஓடுகிறது. சாலை தண்ணீரில் தொடர்வதுபோல, வந்தவர்கள் ஏறிக்கொள்கிறார்கள். அழகான பெயர். ஆனால் சாலையில் ஆள் கூடினால் நெருக்கடிதான், தண்ணீரில் அது மரணம். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் தேதி காலை, மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தார்கள். வருகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வதைக் கருணை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கொள்ளிடத்து ஓடக்காரர் விளிம்பைப் பார்த்தது சரி.

அப்படியானால் பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்ததா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் தேதி கப்பல் தொடங்கிற்று. ஆட்கள் மட்டும், வண்டிகளுக்கு இடமில்லை. பெயர், கடவுச்சீட்டு, மூட்டையின் எடை எல்லாம் கணக்கில் உண்டு. சில நாட்களில் மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கடலுக்குப் பட்டியல் தெரியாது. பட்டியலுக்கும் தெரியாதது ஒன்று உண்டு. நேற்றுப் பதிவு செய்த பெயர்களில் இன்று காலை வந்த காய்ச்சல் இருக்காது. பதிவு நியாயத்தை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. துறையில் நிற்கிறவனின் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியத்தை எடுத்துவிடுகிறது. அப்பா சொன்ன 'மொதல்ல வந்தோம்' என்பதும் இதே வேலையைத்தான் செய்தது. வரிசையும் பட்டியலும் நாம் யோசிக்காமலிருப்பதற்கான ஏற்பாடுகள். அவை இல்லாமல் முடியாது. அவற்றோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போது பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும் என்கிறீர்களா?" என்றார்.

இல்லை. சொல்லாமல் போகலாம். அந்தச் சுதந்திரம் மெய்தான், நான் பொறாமைப்படுகிற சுதந்திரமும்கூட. ஆனால் நாளை எந்தத் தீவில் இருப்போம் என்று தெரியாமலிருப்பதில் சந்தோஷப்படுகிறவனுக்கு இந்தக் கரையிலேயே இன்னொரு இரவு கிடப்பதில் என்ன நஷ்டம்? அடுப்பும் படுக்கையும் அவனோடுதான் இருக்கின்றன. அந்தத் துறையில் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிடக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதையும் அந்தச் சுதந்திரத்தின் பகுதியாக அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அப்பாவும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு கல் ஒரு ராத்திரி கரையில் கிடந்திருக்கலாம்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விட்டோம்.

ஆட்டுக்கல் இப்போதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. அம்மா இருந்தவரை அதில்தான் மாவு அரைத்தாள். அந்த ஓடத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை.