யோனி பேதத்தில் ஒன்று குறைந்தால்

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 121 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட செயின்ட் ஹெலனாத் தீவை, நெப்போலியன் 1821இல் சிறைவாசத்தில் உயிர்நீத்த இடம் என்ற அளவிலேயே நம்மவர் பெரும்பாலோர் அறிவர். ஆனால் உலகில் வேறெங்கும் காணப்பெறாத முதுகெலும்பற்ற சிற்றுயிர் வகைகள் 400க்கு மேற்பட்டவை அச்சிறு நிலத்தில் வாழ்கின்றன என்பதும், பக்லைஃப் என்னும் பிரிட்டிஷ் சங்கமும் தீவின் தேசிய அறக்கட்டளையும் முன்னின்று அவற்றைக் கணக்கெடுத்தபோது ஊர்மக்களும் கைகொடுத்தனர் என்பதும், சமய விசாரம் உடையவர்களுக்கு அச்சக்கரவர்த்தியின் மரணத்தினும் பெரிய விஷயங்கள்.

பின்புறத்தில் இடுக்கி தாங்கி, சுமார் 8 சென்டிமீட்டர் நீளம் வளரும் பூச்சி ஒன்று அங்கே இருந்தது. இடுக்கிவால் பூச்சிகளில் உலகிலேயே பெரியது அதுவே. பகலெல்லாம் கல்லடியிலும் மண்வளையிலும் ஒடுங்கிக் கிடந்து இரவில் வெளிப்படும் அதனை உயிருடன் கண்டது 1967ஆம் ஆண்டோடு சரி. அது தங்கியிருந்த வெளியின் கற்களைக் கட்டடங்களுக்கென்று மனிதர் பெயர்த்துச் சென்றனர்; கப்பலேறி வந்த எலியும் பூரானும் எஞ்சியவற்றை வேட்டையாடின. 1995இல் உலர்ந்த இடுக்கி மாத்திரம் கிடைத்தது. பலமுறை தேடியும் உயிருள்ளது ஒன்றும் அகப்படாமையால், 2014இல் அது அற்றுப்போன இனமென அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு சைவனுக்குக் கடினமான கேள்வி எழுகிறது. ஆன்மா நித்தியம், அப்பூச்சியின் உடலில் தங்கியிருந்த உயிர்கள் தத்தம் வினைக்கீடாக வேறு பிறவி எய்தியிருக்கும், அங்ஙனமாயின் இழக்கப்பட்டது யாது? உடல் இயல்பாகவே அழிவது, உயிரோ அழியாதது, ஆதலால் துக்கிப்பதற்கு ஏதுமில்லை என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். அச்சமாதானம் எனக்குச் சம்மதமன்று. தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடல், கருவி, உலகம், நுகர்பொருள் என்பவற்றை, இறைவன் மாயையினின்றும் தோற்றுவிப்பது, ஆணவ இருளில் அழுந்திய ஆன்மாக்கள் வினையை நுகர்ந்து பக்குவம் எய்தும்பொருட்டே என்பது சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் நால்வகைத் தோற்றத்தையும் 84 லட்சம் யோனி பேதத்தையும், அதாவது பிறவி வகைகளையும், எடுத்தோதியது மானிடப் பிறவியின் அருமையை உணர்த்தவே எனினும், அவற்றுள் ஒவ்வொன்றும் கருணையால் வகுக்கப்பட்ட ஒரு வழி என்பதும் அங்கே பெறப்படும். ஓருயிரைக் கொல்வது அவ்வுயிர் பெற்ற ஓருடலைப் பறிப்பது; ஓரினத்தை வேரறுப்பதோ, இனி எவ்வுயிரும் அவ்வுடலைப் பெறாதபடி வழியையே அடைப்பது. இறைவன் மீளவும் படைக்க வல்லன் என்பது மெய்யே. அதைச் சாக்காகக் கொண்டு அவன் வகுத்ததை நாம் அழித்துவிடலாகாது.

ஆதலின் தீவில் நடந்த அச்சிற்றுயிர்க் கணக்கெடுப்பை வெறும் பௌதிக ஆராய்ச்சியாக மட்டும் நான் கருதவில்லை. தீவின் நடுவே 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரத்தை ஒட்டி, மேகம் தவழும் காடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆடுகள் மேய்ந்ததும், நாருக்காக அந்நியச் செடியைப் பயிரிட்டதும் போக எஞ்சியது அவ்வளவே. அங்குள்ள பெரணி இலைகளில், விரல்நகத்தளவே இருந்து, உடம்பெல்லாம் முள்ளாக, பழுத்த எலுமிச்சையின் நிறத்தில் ஊர்கிறது நண்டு, இறால்களின் கிளையைச் சேர்ந்த ஒரு தரைவாழ் சிற்றுயிர். இரவில் புறஊதா விளக்கைக் காட்டினால் அது பளிச்சென்று ஒளிரும். அவ்வொளியைக் கொண்டு இலை இலையாகப் பார்த்து எண்ணுகிறார்கள். எண்ணப்பட்டது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லா உயிரையும் இவ்வாறு எண்ண இயலாது. கணக்கெடுப்போர் மண்ணில் புதைத்த கிண்ணத்தில் விழுந்து மடிந்த பின்னரே இனங்காணப்பெறும் வண்டுகளும் சிலந்திகளும் பல. மயிற்பீலியால் வழியைப் பெருக்கி நடந்த சமண முனிவர் இதற்கு ஒருநாளும் உடன்பட்டிரார். அவர்தம் மறுப்பை இலேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தில் நேரும் மரணம் பாவமே. இனத்தைக் காக்கும் நோக்கம் அதைப் புண்ணியமாக்கிவிடாது. ஆயினும், இன்ன இனம் இருக்கிறதென்றே அறியாமல் அதனை அழியவிடும் பெரும்பாவத்தைத் தடுக்க வேறு உபாயம் இல்லாதவிடத்து, கூடியவரை குறைத்து, பாவமென்று அறிந்தே ஏற்கத்தக்கது அது என்பது என் துணிபு. ஆதீனங்களில் சித்தாந்தம் போதிக்கும் பெரியோர், கொல்லாமையை விரித்துரைக்கும்போது ஓரினம் அற்றுப்போவதையும் தனியே எடுத்து விசாரித்து, மாணாக்கர்க்கு ஒரு முடிபு கூற வேண்டும்.