ஓரிரவு இருக்கை

திருவெஃகாவில் பள்ளிகொண்டருளும் எம்பெருமான், மற்றத் தலங்களிற் போலன்றி இடம் வலம் மாறிச் சயனித்திருப்பதை ஸேவார்த்திகள் அறிவர். பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி கணிகண்ணனைக் கேட்டான். அவர் மறுக்கவே நாடு கடத்தினான். சீடன் வெளியேறத் திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொற்படி அரவணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்தொடர்ந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய பாலாற்றங்கரை ஊரே ‘ஓரிரவிருக்கை’ எனப்பட்டு, ஓரிருக்கை என்று மருவிற்று. மன்னன் பிழை பொறுக்க வேண்டவே மீண்டு வந்து, சென்றதன் அடையாளமாகத் திருமேனியை மாற்றிக் கிடந்தார் என்பது ஐதிஹ்யம்.

வீடுள்ளவன் ஓரிரவு வெளியில் கிடப்பதால் வீடற்றவனுக்கு யாது பயன்? இக்கேள்வி இக்காலத்திலும் எழுந்துள்ளது. 2017 டிசம்பரில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரப் பூங்காவொன்றில் சுமார் 8,000 பேர் கடுங்குளிரில் ஓரிரவு படுத்துறங்கி, வீடற்றோர்க்காக நிதி திரட்டினர். 2019 டிசம்பரில் லண்டன், நியூயார்க் முதலிய பல நகரங்களிலும் இவ்வாறே நடந்தது. ‘இது வேஷமன்றோ? வீட்டில் உறங்கியவாறே பணத்தைக் கொடுத்தாலாகாதோ?’ என்பர் சிலர்.

இந்த ஆக்ஷேபம் தள்ளத்தக்கதன்று. ஏகாதசி உபவாஸம் இருந்தவன் பஞ்சத்தை அறிந்தவனாகான். பொழுது விடிந்தால் வீடு உண்டென்று அறிந்து படுப்பவனுக்குக் குளிர் தெரியும். காவலனின் தடியோசையும், தலைமாட்டு மூட்டை களவு போகுமோ என்ற அச்சமும், நாளை எங்கே என்ற திகைப்பும் தெரியா.

ஆயினும், ஸர்வஜ்ஞனான எம்பெருமான் எதையேனும் கற்றுக்கொள்ளவா ஓரிருக்கையில் தங்கினான்? அடியவனுக்கு இடமில்லாத ஊரில் தனக்கும் படுக்கை வேண்டாவென்று காட்டினான். கணிகண்ணன் ஒருவர் போனபோது அசையாத மன்னன், அதன் பிறகே நடுங்கினான். நாள்தோறும் தெருவோரம் கிடப்பவனைக் கண்டும் காணாமற் செல்லும் ஊரார், வீடுள்ளவன் அங்கே படுத்தால் ஏனென்று கேட்கிறார்கள். கேட்டவர் கை பையை நோக்கிச் செல்கிறது. வீட்டிலிருந்தே கொடுப்பவன் தன் பணத்தை மட்டுமே கொடுக்க இயலும்.

இத்திருவெஃகாவிலேயே அவதரித்த பொய்கையாழ்வார், திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் எழுந்து அமர்ந்தார்; பேயாழ்வார் வரவே மூவரும் நின்றனர். முதலில் படுத்தவர் எழாதிருந்தால் அடுத்தவர் நனைந்திருப்பார். வெளியிற் படுப்பவனையும் இவ்வளவைக் கொண்டே அளக்க வேண்டும்: அவன் கிடந்ததால் வேறொருவனுக்குக் கூரையின்கீழ் இடம் உண்டாயிற்றா? உண்டாகாவிடில் ஆக்ஷேபித்தவர் சொன்னதே சரி.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தேசத்தில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர். நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடமாவது வேண்டுமென உச்சநீதிமன்றம் 2010-இல் பணித்தது. காஞ்சியிலோ, 2019-இல் அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் பலருக்குத் தெருவே படுக்கையாயிற்று. வழிப்போக்கருக்கென்று முன்னோர் கட்டிய திண்ணைகள் பல இடிக்கப்பட்டு, இரும்புக் கதவுகள் வந்துவிட்டன.

கருடஸேவைக்கு முதல்நாள் இரவு ஸந்நிதித் தெருவில் துண்டை விரித்துப் படுப்பவர்களின் அருகே படுத்திருப்போரில் சிலர், கொடியிறக்கமான பின்னும் அங்கேயே இருப்பவர்கள்.