பாகமெல்லாம் மாறிய வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. காயலான் கடைகளில் வெட்டப்படும் வண்டிகளின் சேஸும் கதவும் ஆக்சிலும் கடைசியில் போய்ச் சேருவது இப்படிப்பட்ட உலைகளில்தான். சுமார் 1,600 டிகிரிச் சூட்டில் ஒரு வண்டி சில மணி நேரத்தில் அடையாளமில்லாமல் கரைந்துவிடும். அந்த முடிவுக்குப் போகவிடாமல் பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகளைச் சுற்றிச் சிலர். எந்த அமைப்பிலும் சேராமல், பட்டறை வழியாக அறிமுகமாகி ஒருவருக்கொருவர் கைகொடுப்பவர்கள் பலர். துருப்பிடித்த தரைத்தகரத்தை டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத்தகரம் வைக்கிறார். என்ஜினை ரீபோர் செய்து ஸ்லீவ் போடுகிறார்கள். கடையில் கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்கிறார்கள். கியர்பாக்ஸ் புதுப்பேட்டையிலிருந்து வருகிறது, பிரேக் வேறொரு வண்டியிலிருந்து. எல்லாம் முடிந்து வண்டி கிளம்பும்போது, இது அந்தப் பழைய வண்டிதானா என்ற கேள்வி எழுகிறது. சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டாக வாதிட்டுவரும் கேள்வி இது. என் கட்சி இதுதான்: ஒரு பொருள் அதே பொருளாக நீடிப்பதை அதன் இரும்போ வடிவமோ தீர்மானிப்பதில்லை. அதைக் கைமாற்றிக் காத்து, அதற்காகப் பதில் சொல்ல முன்வரும் மனிதர்களின் அறாத வரிசைதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வியை நம் நிலப்பரப்பில் வண்டியை வைத்தே கேட்டவர் பௌத்தத் துறவி நாகசேனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டரை, பாலி நூல் மிலிந்தன் என்று அழைக்கிறது. அவன் ஏறிவந்த தேரைக் காட்டி நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை என்றால் தேர் எங்கே? பாகங்கள் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்பது அங்கே எட்டப்படும் முடிவு. பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, அடையாளம் என்பதே மாயை என்று முடித்துவிடுகிறார்கள். அதே நூலில் மாம்பழத் திருடனின் வழக்கும் இருக்கிறது. தோட்டக்காரன் நட்டது வேறு, நான் பறித்தது வேறு, ஆகவே நான் குற்றவாளி இல்லை என்று திருடன் வாதாடுகிறான். அந்த வாதம் செல்லாது என்பதே நாகசேனரின் தீர்ப்பு; நட்டதைச் சார்ந்துதான் பழம் வந்தது, எனவே அவன் தண்டனைக்கு உரியவன். உள்ளே மாறாத சாரம் எதுவும் இல்லை என்று சொன்ன அதே துறவி, பொறுப்பு மட்டும் அறுபடுவதில்லை என்கிறார். கணந்தோறும் எல்லாம் அழிகிறது என்ற பௌத்தக் கொள்கையைச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் கடுமையாக மறுக்கிறார். ஆனால், செய்த வினைக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. என் வாதம் காலூன்றுவது அந்தப் பொது நிலத்தில்.

இரும்புதான் அடையாளம் என்பவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி உலையே பதில் சொல்கிறது. பழைய இரும்போடு வயரிலும் மோட்டாரிலும் இருந்த செம்பு கலந்துவிட்டால், வழக்கமான உருக்குமுறையில் அதைப் பிரித்தெடுக்க முடியாது. அது எஃகிலேயே தங்கி, அளவு கூடினால் உருட்டும்போது விரிசல் விழச் செய்யும். காரணத்தில் இருந்தது காரியத்திலும் இருக்கும் என்று சைவ சித்தாந்தம் சொல்லும் சற்காரியவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி தேடவேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கம்பியை யாரும் பிக்கப் வண்டி என்று சொல்வதில்லை. பொருள் முழுவதும் மிஞ்சியிருக்கிறது, வண்டி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ், பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்னும் கிரேக்கர்களின் தீசியஸ் கப்பல் புதிரைக் கூர்மையாக்கினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? நம் பட்டறைகளில் கழற்றிய பாகங்கள் காயலான் கடைக்குப் போய்விடுவதால் அந்தப் போட்டி வருவதே இல்லை. வடிவம்தான் அடையாளம் என்பதும் நிற்காது. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் தோற்றத்தில் புதுத்தகரத்தில் பாடி கட்டி வண்டிகளைத் தயாரித்து விற்கும் பட்டறைகள் புகழ்பெற்றவை. கண்ணுக்கு அச்சு அசலாக இருந்தாலும் அந்த வண்டி எந்தப் போரையும் பார்த்ததில்லை. அதற்கு முன்கதை கிடையாது.

தமிழ்நாட்டுக் கோயில்கள் இந்தச் சிக்கலைச் செயலிலேயே தீர்த்துவைத்திருக்கின்றன. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் கலையைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றிப் பாலாலயம் அமைக்கிறார்கள். கருவறையில் கல் பெயர்ந்து கிடக்கும், மருந்து சாத்தும் வேலை நடக்கும், விமானத்தைச் சாரம் மூடியிருக்கும். அந்தக் காலம் முழுவதும் பாலாலயத்தில் நித்திய பூஜை ஒரு வேளையும் தவறுவதில்லை. வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்போது அது புதுக்கோயிலாகக் கருதப்படுவதில்லை, பழைய கோயிலாகவே தொடர்கிறது. இந்த ஏற்பாட்டில் அடையாளத்தைத் தாங்கியது எது? கல் பிரிக்கப்பட்டிருந்தது. வடிவம் மூடிக்கிடந்தது. அறாமல் இருந்தது வழிபாடு ஒன்றுதான். திருவாரூர் ஆழித்தேரும் இதைத்தான் காட்டுகிறது. 1920களின் பிற்பகுதியில் தீக்கிரையான தேர் 1930இல் மறுபடி கட்டப்பட்டது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் ஏறின. இத்தனைக்குப் பிறகும் அதை இழுக்க வருகிறவர்கள் போலித் தேரின் வடத்தைப் பிடிப்பதாக நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு பூரியிலிருந்து வரும். அங்கே நவகளேபரத்தில் ஜகந்நாதரின் மரத்திருமேனி முழுவதுமாகப் புதிதாகிறது. கடைசியாக நடந்தது 2015இல். ஆனால், பழைய திருமேனிக்குள்ளிருந்து பிரம்ம பதார்த்தம் என்ற ஒன்றை எடுத்துப் புதியதில் வைக்கிறார்களே, அப்படியானால் மாறாத ஒரு கரு வேண்டும் என்றுதானே அர்த்தம்? வண்டிக்கு அந்தக் கரு சேஸ் நம்பர் என்றும் இதே வழியில் சொல்லலாம். எனக்கு இந்த வழக்கத்தில் முக்கியமாகப் படுவது, அதை மாற்றிவைக்கும் சேவகர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு செய்கிறார்கள் என்பது. கருவை யாரும் பார்ப்பதில்லை. பக்தர்களுக்குக் கிடைக்கும் சான்றெல்லாம், தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்கு உரியவர்கள் நேர்மையாகக் கைமாற்றினார்கள் என்ற நம்பிக்கைதான். சேஸ் நம்பரும் அப்படியே. இரும்பில் கொத்திய எண்களுக்குத் தாமாக எந்தச் சக்தியும் இல்லை, ஆர்.சி. புத்தகத்தோடும் அதை வைத்திருந்தவர்களின் வாக்கோடும் பொருந்தும்போதுதான் அவை பேசும்.

சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 வயது கடந்த கார், பைக்குகளுக்குத் தனிப்பதிவு தருகின்றன. சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கண்டவற்றுக்கு அதில் இடமில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. வெல்டிங் பிடிக்காத சேஸும் பொருந்தாத பிரேக்கும் ஆளைக் கொல்லும். ஆனால், தொழிற்சாலை வாசலைக் கடந்த நாளில் இருந்த நிலையே அசல், பிறகு நடந்ததெல்லாம் களங்கம் என்ற எண்ணம் இந்த மண்ணின் வண்டி வரலாற்றுக்குப் பொருந்தாது. செம்பியம் சிம்சன் ஆலையில் உருவான பெர்கின்ஸ் டீசல் என்ஜின்கள், பெட்ரோல் குடித்துக் கட்டுப்படியாகாமல் நின்ற வண்டிகள் பலவற்றுக்கு மறுவாழ்வு தந்தன. என்ஜின் மாறியிராவிட்டால் அவற்றில் பல எப்போதோ உலைக்குப் போயிருக்கும். திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையைப் பாருங்கள்: 1970களில் மண்வாரி இயந்திரங்கள், 1998இலிருந்து மிட்சுபிஷி லான்சர், இப்போது சிட்ரோயன் கார்கள். வண்டியைப் பெற்றெடுக்கும் ஆலைக்கே மாற்றத்தை அனுமதிக்கிறோம், வண்டிக்கு ஏன் மறுக்கவேண்டும்?

இங்கே ஒரு நியாயமான அச்சம் உண்டு. அக்கறைதான் அடையாளம் என்றால், அக்கறையின் பெயரால் எதையும் அழிக்கலாமே? கோயில் சுவர்களில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்தவர்களும் திருப்பணி என்றுதான் சொன்னார்கள். திருட்டு வண்டியில் வேறு சேஸ் நம்பரைக் கொத்துபவனும் நேர்த்தியாகத்தான் கொத்துகிறான். இந்த மறுப்பு என் கட்சியைக் கவிழ்க்கவில்லை, அதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது. பதில் சொல்லும் பொறுப்பு என்பது உண்மை சொல்லும் பொறுப்பு. முன்பு இருந்ததன் தடயத்தை அழிப்பதும் மறைப்பதும் அந்த வரிசையை அறுக்கும் செயல். மாற்றியதை மாற்றியதாகச் சொல்லி, எதை, ஏன், யார் கையால் என்று தெரியவைத்தால் வரிசை அறுபடாது. ஆர்வலர் கூட்டத்தின் மதிப்பும் இங்கேதான். தனியொருவர் தன் வண்டியைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளலாம். பாகம் தேடிக் கொடுத்தவர், பழைய சர்வீஸ் புத்தகத்தை இரவல் தந்தவர், லேத்துக்காரர், டிங்கர் என்று பல பேர் கைபட்ட வண்டியைப் பற்றிப் பொய் சொல்வது கடினம். அவர்களை உதவியாளர்கள் என்பது போதாது. அவர்கள் சாட்சிகள்.

பற்றை விடச் சொல்லும் மரபில் நின்றுகொண்டு ஒரு தகர வண்டியைப் பிடித்துத் தொங்குவதா என்று கேட்பவர்களுக்கு அப்பரைக் காட்டுவேன். பொன்னையும் ஓட்டையும் ஒன்றாகக் கண்ட துறவி என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் கையில் கடைசிவரை இருந்தது உழவாரப்படை. உலகைத் துறந்தவர் கோயில் முற்றத்தின் புல்லைத் துறக்கவில்லை, செதுக்கினார். உடைமையின் பற்று வேறு, பராமரிப்பின் தொண்டு வேறு. வண்டியைக் கோயிலுக்கு நிகராக்குகிறேன் என்றும் யாரும் கொள்ளவேண்டாம். ஆனாலும் ஆயுத பூஜையன்று லேத்துக்கும் லாரிக்கும் சந்தனம் வைக்கும் வழக்கம், கருவிக்கும் நமக்கும் ஒரு கடன் இருக்கிறது என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வழக்கம். புகை பற்றி எழும் இன்னொரு மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன்: கரும்புகை கக்கும் பழைய டீசல் வண்டியைத் தினசரி சரக்குக்கு ஓட்டுவது அடுத்தவர் மூச்சுக்குச் செய்யும் தீங்கு. சுத்தமான என்ஜின் பொருத்த முறையான வழி திறப்பதே அதற்குப் பரிகாரம். அசல் என்ஜினையே வைத்திரு என்னும் விதி அந்த வழியை அடைக்கிறது.

ஆகவே அரசிடம் ஒன்று கேட்கலாம். பொறியியல் சோதனையில் தேறிய, மாற்றங்கள் முழுவதும் பதிவான பழைய வண்டிகளுக்கும் பழம்பெரும் வாகன விதிகளில் ஒரு தனிப்பிரிவு வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கழற்றிய பாகம், போட்ட பாகம், அது வந்த இடம், வேலை செய்தவரின் பெயர், தேதி எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். வண்டியை விற்கிற அன்று ஆர்.சி. புத்தகத்தோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.